தெற்கே திருப்பிய கட்டில்

மார்ச் 3, திங்கள்

மரக்கடைத் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று டிரைவர் பாக்கியநாதன் அண்ணனிடம் சொல்லி, வண்டியை உப்புக் கிட்டங்கித் தெரு வழியாகச் சுற்றி விடச் சொன்னேன். "நேத்து அந்த வழியாத்தானே வந்தேன், பள்ளத்தைக் காணோமே" என்றார். "இன்னைக்குத் தோண்டுதாவ" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கமாட்டார் என்பதால்தான் அவரோடு இத்தனை நாள் ஒரே வண்டியில் போக முடிகிறது.

இன்று புது வீடு. லெட்சுமணப்பெருமாள், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புராஸ்டேட்டில் வந்த புற்று முதுகெலும்பு வரை ஏறிவிட்டது. இனிமேல் வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களின் வீடுகளுக்குத்தான் நாங்கள் போகிறோம். வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது. பிழைக்க வைப்பது எங்கள் வேலையில் இல்லை.

வாசலிலேயே மகன் கோமதிநாயகம் மறித்தான். "சிஸ்டர், என்ன நோவுன்னு அப்பாவுக்குத் தெரியாது. நீங்க வாயத் தொறந்துராதிய." எல்லா வீட்டு வாசலிலும் இதே பேச்சு. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

மகன் டீ வாங்கப் போனதும் அவரே ஆரம்பித்தார். "எம்மா, முப்பது வருஷமா போஸ்ட்ல ஏறினவன். கரண்ட் இருக்கா இல்லையான்னு தெரியாமலா கை வப்பேன்? எனக்குத் தெரியும். அவன்ட்ட சொல்லாத, பாவம், அழுவான்."

பிறகு இரண்டு மணிக்கட்டையும் நீட்டிக் காட்டினார். கறுத்த வளையம் போலத் தழும்பு. டியூப்பை உருவிவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்களாம். "வலிக்குன்னா பொறுத்துக்கிடுவேன். கையை மட்டும் கட்ட விடாத. அது போதும் எனக்கு."

"விடமாட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுக்காதே என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 6, வியாழன்

மார்பின் மாத்திரை வேலை செய்கிறது. அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெரு மின்கம்பத்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார். அதில் இழுத்திருக்கும் கம்பி தொய்வாம். "இப்ப உள்ள பயலுவளுக்குக் கம்பி இழுக்கவும் தெரியல, ஒண்ணும் தெரியல."

அவர் மனைவி பிச்சம்மாள் மதினிக்குச் சிறுநீர்க் குழாயையும் அது வடியும் பையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், குழாய் எங்கேயும் மடங்கக் கூடாது, மூத்திரம் குறைந்தால் உடனே போன் செய்ய வேண்டும். மதினி ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டும்" போட்டார்கள். ஆகட்டும் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

கதையும் கேட்டேன். அண்ணாச்சிக்கு ஒரே தம்பி, ஆறுமுகநயினார். இரண்டு தெரு தள்ளி, இவர்கள் பிறந்த பழைய வீட்டில் இருக்கிறார். அவர் மகள் சடங்கு வீட்டில் மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் தெருக் கம்பியில் கொக்கி போட்டிருக்கிறார்கள். தாய்மாமன் சீர் வந்து இறங்குகிற நேரம், அண்ணாச்சியே கம்பத்தில் ஏறி அதைப் பிடுங்கிவிட்டார். வீடு இருட்டு. பாட்டு நின்றுவிட்டது. சம்பந்தக்காரர்கள் முன்னால் தம்பிக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"நேர்மையாம் நேர்மை" என்றார்கள் மதினி. "கூடப் பொறந்தவன் வீட்லதான் காட்டணுமா அத?"

எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடையில் இட்லி வாங்கி வந்தார். சாம்பார் புளித்திருந்தது. சண்டை போடலாமா என்று பார்த்தேன், அதற்கும் மனம் நிலைகொள்ளவில்லை.

மார்ச் 7, வெள்ளி

அக்கா போன் செய்தாளாம், நான் குளிக்கும்போது. ரேஷன் கார்டு விஷயமாக இருக்கும்.

மார்ச் 10, திங்கள்

கோமதிநாயகம் ஆரம்பித்துவிட்டான். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோமா சிஸ்டர்? ஊர்ல என்ன சொல்லுவாவ? அப்பனை வீட்ல போட்டு வச்சிருக்கான்னு சொல்லமாட்டாவளா?"

அரை மணி நேரம் பேசினேன். அங்கே கொண்டு போனால் நாள் கூடலாம், ஆனால் நாள்தான் கூடும். ஐசியு கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீ. இங்கே அவருக்கு ஜன்னல் இருக்கிறது, திட்டுவதற்குக் கம்பம் இருக்கிறது, உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். வலியைப் பார்க்க நான் இருக்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறேன். இந்தப் பேச்சை எத்தனை வீட்டில் பேசியிருப்பேன், எனக்கே மனப்பாடம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றான்.

கை கழுவும்போது மதினி கேட்டார்கள். "உங்க அம்மா இருக்காவளா சிஸ்டர்?"

"இல்ல மதினி."

"ஆஸ்பத்திரில வச்சா?"

"வீட்லதான். அக்கா வீட்ல."

"குடுத்து வச்சவ" என்றார்கள். நான் துண்டைத் தேடினேன். துண்டு தோளிலேயே கிடந்தது.

அம்மா விஷயம் வேறு. அம்மாவுக்குப் புற்று இல்லை, நுரையீரலில் சளி. வயது எண்பதுதான். நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தேன், டாக்டர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். மறுநாள் காலையில் வெண்டிலேட்டர் வைக்க ஏற்பாடு. நான் வேறு வார்டில் டூட்டியில் இருந்த நேரம் பார்த்து அக்கா கையெழுத்துப் போட்டு அவளை மரக்கடைத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டாள். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை, எடுக்கும்போதுதான் போனேன். இது வேறு, அது வேறு. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

சாப்பாடு நின்றுவிட்டது. பெரும்பாலும் தூக்கம். மதினிக்குத்தான் தாங்கவில்லை. "ரெண்டு வாய்க் கஞ்சியாவது உள்ள போனா எந்திரிச்சுக்கிடுவாவ" என்று கரண்டியோடு நிற்கிறார்கள். பசிக்காத வயிற்றுக்குச் சோறு பாரம் என்று எத்தனை முறை சொல்வது? பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றச் சொல்லிக்கொடுத்தேன். அதையும் "ஆகட்டும்".

கிளம்பும்போது அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "சின்னவன் வீட்ல லைட் எரியுதா?" என்று கேட்டார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வாசலில் வைத்து, தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் என்றேன். "அவன் வாசல்ல போய் நான் நிக்கவா? செத்தாலும் மாட்டேன்" என்றார்கள். சாகிறவர் அவர்கள் இல்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இன்றும் கிட்டங்கி வழிதான். "பள்ளம் இன்னும் மூடலயோ?" என்று பாக்கியநாதன் அண்ணன் கேட்டார். குரலில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை.

மார்ச் 15, சனி

இன்று எனக்கு வீடு வீடாகப் போகும் முறை இல்லை. துணி ஊற வைத்திருந்தேன். காலையிலேயே கோமதிநாயகம் போனில் அழுதான். போனேன்.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். கட்டில் திரும்பியிருந்தது. யாரோ ஒரு பெரியப்பா முறைக்காரர், போகிற உயிர் தெற்கே தலை வைத்துத்தான் போக வேண்டும் என்று சொல்ல, நேற்று சாயங்காலமே நாலு பேராகத் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். இப்போது அவர் பார்வைக்கு ஜன்னல் இல்லை, சுவர்தான்.

அண்ணாச்சி அண்ணாச்சியாகவே இல்லை. போர்வையைப் பிய்க்கிறார், எழுந்திருக்கப் பார்க்கிறார், காலை உதறுகிறார். "ஏணியப் புடி, ஏணியப் புடிங்கலே" என்று கத்துகிறார். முகமெல்லாம் வேர்வை.

"ஆசை அடங்காமக் கிடக்கு உசிரு" என்றார் அந்தப் பெரியப்பா. மோதிரத்தைக் கல்லில் உரைத்துத் தண்ணீரில் கலக்கிப் பொன்னாசைக்கு ஊற்றிப் பார்த்தாயிற்றாம். அடங்கவில்லை. அடுத்து மண்ணாசை. பிறந்த வீட்டு மண்ணை எடுத்து வந்து கரைத்து ஊற்ற வேண்டுமாம். ஆனால் பிறந்த வீட்டில் தம்பி இருக்கிறாரே, யார் போய்க் கேட்பது என்று அங்கே ஒரு பஞ்சாயத்து.

நான் சத்தம் போட்டேன். விழுங்கத் தெம்பில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நெஞ்சுக்குள்தான் போகும், புரையேறிச் சாக வைக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். மதினி அழுதார்கள். பெரியப்பா, "நீ ஊசி போட வந்தியா, சாத்திரம் சொல்ல வந்தியா?" என்றார்.

மூத்திரப் பையைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. "தண்ணியே இறங்கலயே சிஸ்டர், பொறவு எப்படி மூத்திரம் வரும்?" என்றான் கோமதிநாயகம். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் போனில் கேட்டு, அமைதிப்படுத்தும் ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் அடங்கி, மறுபடியும் கிளம்பிவிட்டது.

எனக்கும் அதே பைத்தியம்தான் பிடித்திருந்தது. மண்ணும் பொன்னும் இல்லை, தம்பிதான், தம்பி முகத்தைப் பார்க்காமல் இந்த மனிதர் அடங்கமாட்டார் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வாய்விட்டும் சொன்னேன். மதினி கேட்காதது போல இருந்தார்கள்.

"ஒண்ணு கையைக் கட்டணும், இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். எங்களால புடிக்க முடியல" என்றான் மகன். நாளைக் காலை வரை பொறு, மாறி மாறிப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். ஊற வைத்த துணி நாறிவிட்டது. திரும்ப அலசினேன்.

மார்ச் 16, ஞாயிறு

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிவிட்டார்கள். இரண்டு கையையும் ஈரிழைத் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். அண்ணாச்சிக்குக் கத்தவும் சத்து இல்லை, முனகல்தான். நான் கொடுத்த வாக்கு அந்த முடிச்சில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரம் வாசலில் பெரிய சத்தம். கோமதிநாயகத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒருவர் இழுத்து வந்தார். அண்ணாச்சியின் அதே மூக்கு, அதே நெற்றி. பயல் காலங்கார்த்தாலே சுவர் ஏறிக் குதித்து அவர் வீட்டுப் பின்புறத்தில் மண் தோண்டியிருக்கிறான். கையில் இன்னும் அந்தப் பாலித்தீன் பை.

"எவண்டா இவனை ஏவி விட்டது? எங்க வீட்டுக்குச் செய்வினை வைக்க மண்ணெடுக்கானா? கூப்பிடு உங்கப்பனை" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்த ஆறுமுகநயினார், கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணன் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறார், இப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

"யாருலே கட்டினது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். பதில் வருமுன் அவரே முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். முடிச்சு கட்டிலுக்கு அடியில் இறுகிக் கிடந்ததால் தரையோடு தரையாகக் குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. குழாய் கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. தெற்கே திருப்பித் தூக்கி வைத்தபோது காலை அதன் மேலேயே இறக்கியிருக்கிறார்கள்.

அடிவயிற்றில் கை வைத்தேன். தேங்காய் போல இறுகிக் கிடந்தது.

"கட்டிலைத் தூக்குங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பெரியப்பாவும் சேர்ந்து தூக்கினார். குழாயை நீவிவிட்டேன். பையில் சளசளவென்று விழ ஆரம்பித்தது. பை நிறைய நிறைய அண்ணாச்சியின் முகம் இளகியது. காலை உதறுவது நின்றது. ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மனிதருக்கு மூத்திரம் முட்டியிருக்கிறது. அவ்வளவுதான். பொன்னாசையும் இல்லை, மண்ணாசையும் இல்லை.

பெரியப்பா மண் பையைத் தூக்கிக்கொண்டு நைசாக வெளியே நழுவினார்.

நேற்றே நான் அந்த வயிற்றில் கை வைத்திருக்க வேண்டும். தவிக்கிற நோயாளியிடம் முதலில் பார்க்க வேண்டியது அதுதான், நானே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. நான் அவர் மனதைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க அந்த மனிதர் பட்ட வேதனை என் கணக்கில்தான். மதினியிடம் சொன்னேன். "நாங்கதானே கட்டிலத் திருப்பினோம், நீங்க என்ன செய்வியோ" என்று என் முதுகைத் தடவினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆறுமுகநயினார் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இனிமே கட்டாண்டாம். நான் புடிச்சுக்கிடுதேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்று இல்லாமல், "எங்க வீட்டு லைட்டை அமத்தின கை" என்றார்.

மார்ச் 17, திங்கள்

கட்டிலைப் பழையபடி ஜன்னலைப் பார்க்கத் திருப்பச் சொன்னேன். பெரியப்பா வாயைத் திறக்குமுன் ஆறுமுகநயினாரே ஒரு காலைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

வாய் துடைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி கண் விழித்தார். தம்பியை வெகுநேரம் பார்த்தார். அப்புறம், விட்டு விட்டு, "மழை பெஞ்சு... பந்தக்கால் நனைஞ்சு கிடந்துச்சுலே... சின்னப் பிள்ளையெல்லாம் அதப் புடிச்சுத் தொங்கிட்டு நின்னுச்சு... ஒரு கம்பி உரசினாப் போதும்" என்றார்.

சடங்கு வீட்டில் கொக்கியைப் பிடுங்கியதைத்தான் சொல்கிறார் என்று தம்பிக்கு விளங்கியது. "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"நீ எங்க கேட்ட?" என்றார் அண்ணாச்சி.

தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதார். மதினி அடுக்களைக்குப் போய்விட்டார்கள். நான் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் தீர்ந்த பிறகும் நனைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஆறுமுகநயினார்தான் சொன்னார்.

மார்ச் 18, செவ்வாய்

தூக்கம் இல்லை. மூன்று வீடு போனேன். எந்த வீட்டில் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால்தான் நினைவு வருகிறது. "உங்க அக்கா மறுபடி போன் பண்ணினா, ரேஷன் கார்டு எல்லாம் இல்ல, சும்மாதானாம்" என்றார் என் வீட்டுக்காரர். மோர்க்குழம்பு வைத்தேன். திரிந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு மேல் லெட்சுமணப்பெருமாள் அண்ணாச்சி இறந்தார். மூச்சு இடைவெளி விட்டு, இடைவெளி நீண்டு, நின்றது. வலி இல்லை. ஒரு கை மதினியிடம், ஒரு கை தம்பியிடம். மகன் காலடியில். ஜன்னலில் அந்தத் தொய்ந்த கம்பியில் காக்கை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

குழாயை நான் எடுத்தேன். மணிக்கட்டில் தழும்பு இன்னும் மங்கவில்லை. அதன் மேல் போர்த்தியிருந்த வேட்டியை இழுத்துவிட்டேன். பிறகு பெரியப்பா சொன்னபடி கட்டிலைத் தெற்கே திருப்பினார்கள். இந்த முறை நானும் ஒரு கால் பிடித்துத் தூக்கினேன்.

மார்ச் 24, திங்கள்

ஆள் போன வீட்டுக்கும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம். மதினி தேறியிருக்கிறார்கள். கொழுந்தனார் வீட்டிலிருந்துதான் சோறு வருகிறதாம். "உப்பே போடத் தெரியாது அவன் பொண்டாட்டிக்கு" என்று குறை வேறு.

வண்டியில் ஏறியதும், "மரக்கடைத் தெரு வழியா விடுங்கண்ணே" என்றேன்.

"பள்ளம்?"

"போய்ப் பாப்போம்."

பள்ளம் இல்லை. தார் கூடப் பழைய தார்தான். பாக்கியநாதன் அண்ணன் நான் சொல்லாத வாசலில் சரியாக வண்டியை நிறுத்தினார். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னட்டி, வழி தெரிஞ்சிருக்கு" என்றாள். முடி பாதிக்கு மேல் நரைத்துவிட்டது அவளுக்கு.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்கமாட்டேன் என்று தெரியும். "அம்மாவை ஏன் கூட்டிட்டுப் போன?" என்றேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மாஸ்க்கைப் புடுங்குதான்னு அவ கையக் கட்டிப் போட்டிருந்தாவ. நீ எட்டிப் பாக்க வார நேரம் அவுத்து விட்டுருவாவ, நீ ஸ்டாஃபுல்லா. நான் இருக்கையில பூராவும் கட்டித்தான் கிடந்தா. 'அவுத்து விட்டுரு, வீட்டுக்குப் போவோம்'னா. கூட்டிட்டு வந்துட்டேன்."

அம்மாவின் கை. அந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் கையை அப்படிப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

"நீ கேக்கவா வந்த? சத்தம் போடல்லா வந்த."

நின்றபடியே அழுதேன். அக்கா கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் விரல் பூராவும் கீரை வாசம். "ரெண்டு நாளும் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தா" என்றாள். திட்டுகிற குரலில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெளியே பாக்கியநாதன் அண்ணன் ஹாரன் அடித்தார். அடுத்துப் போக வேண்டிய வீட்டில் ஒரு பாட்டிக்குப் புண் கட்ட வேண்டும், நேரமாகிவிட்டது. அக்கா கையை விடவில்லை. நானும் உருவவில்லை.